வாசல்வரை வரும் கம்பி யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கேபிள் தொலைக்காட்சியிலும் பிராட்பேண்டிலும் போட்டி வந்துவிட்டபடியால் கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் வேலையை அரசு கைவிட்டுவிடலாம் என்று வாதிடும் கட்டுரைகளை உங்கள் ஏட்டிலும் பிற ஏடுகளிலும் அடிக்கடி படிக்கிறேன். அந்த வாதத்தில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். விலையை ஆணையம் நிர்ணயித்த இடங்களில் நடந்த கூத்துகளை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால் போட்டியாளர்களை எங்கே நின்று எண்ணுகிறோம் என்பதை அந்தக் கட்டுரைகள் கவனிப்பதில்லை. ஒரு நகரத்தில் ஐந்து நிறுவனங்கள் இருக்கலாம். ஒரு வீட்டுக்குள் நுழையும் கம்பி ஒன்றே ஒன்றாக இருந்தால், அந்த வீட்டில் குடியிருப்பவருக்கு உள்ள நிறுவனமும் ஒன்றே ஒன்றுதான்.

சென்ற மாதப் பில்லை மேசைமேல் விரித்து, கையில் பென்சிலோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகப் படித்தேன். இந்தச் சேவையில் சேர்ந்தபோது விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் கண்ட தொகை பில்லின் நடுவில் எங்கோ இருந்தது. அதற்கு மேலே இரண்டு செட்டாப் பாக்ஸ்களின் வாடகையும் மோடத்தின் வாடகையும் தனித்தனியே இருந்தன. கீழே சேனல்களின் விலை, அதற்குக் கீழே பராமரிப்பு என்ற பெயரில் ஒரு தொகை, பிறகு வரி. அந்தப் பராமரிப்புத் தொகை எதற்கென்று கஸ்டமர் கேரில் கேட்டபோது, கட்டமைப்பைப் பராமரிப்பதற்கு என்று விடை வந்தது. பராமரிக்காத கட்டமைப்புக்கா மற்ற வரிகளில் பணம் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்ற என் அடுத்த கேள்விக்கு விடை வரவில்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், விளம்பரத் தொகையைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு இணையத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று முயன்றும் பார்த்தேன். மூன்று பேரிடம் மாற்றி மாற்றி இணைப்புக் கொடுத்தார்கள். மூன்றாவது ஆள், வாடிக்கையாளரைப் போகவிடாமல் பிடித்து வைப்பதற்கென்றே அமர்த்தப்பட்டவர். தொலைக்காட்சியை விட்டால் கூட்டுச் சலுகை போய்விடும், இணையத்தின் முழு விலை வந்துவிடும், ஆகவே மாதத்துக்கு மிச்சமாவது மிகச் சிறிய தொகைதான் என்று அவர் மிகப் பணிவோடு கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரியாகவே இருந்தது. பார்க்காத சேனல்களுக்கான பணத்தை இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறேன். வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவேன் என்று அவரிடம் சொல்ல முடிந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி முடிந்திருக்கும். அப்படிச் சொல்ல எனக்கு வழியில்லை என்பது அவருக்கும் தெரியும்.

இதை ஒரு நிறுவனத்தின் பேராசை என்று மட்டும் பார்த்தால் காரணம் பிடிபடாது. கம்பி இழுக்கும் தொழிலில் செலவின் பெரும்பகுதி முதல் நாளிலேயே முடிந்துவிடுகிறது. தெருவைத் தோண்டுவது, கம்பம் நடுவது, அனுமதி வாங்குவது, ஒவ்வொரு கட்டடத்துக்குள்ளும் இழுப்பது எல்லாம் முடிந்த பிறகு இன்னொரு வீட்டை இணைக்க ஆகும் கூடுதல் செலவு சொற்பம். அதே தெருவில் இரண்டாவது நிறுவனம் வருவதானால் முதலாவது செய்த அத்தனை செலவையும் அதுவும் செய்தாக வேண்டும். அதற்குக் கிடைப்பதோ, ஏற்கெனவே ஒருவர் வைத்திருக்கும் வீடுகளில் ஒரு பங்கு. செலவு முழுசு, வரவு பாதி என்றால் யார் வருவார்கள்? வந்தாலும் வீடுகள் நெருக்கமாகவும் பணம் தாராளமாகவும் உள்ள தெருக்களுக்கு வருவார்கள். பிறகு அந்தத் தெருக்களைக் காட்டி ஊர் முழுவதும் போட்டி என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டுவார்கள்.

இந்தக் கதையை முழுசாகப் பார்க்க அமெரிக்காவின் அனுபவமே நல்ல பாடம். 1948-இல் பென்சில்வேனியா போன்ற இடங்களில், மலை மறைத்து அலை கிடைக்காத ஊர்களுக்கு, உயரத்தில் ஓர் ஆன்டெனா நட்டு அங்கிருந்து வீடுகளுக்குக் கம்பி இழுத்ததில் தொடங்கியது கேபிள். 1984-இல் இயற்றப்பட்ட சட்டம் பெரும்பாலான ஊர்களில் கட்டணத்தின்மீது உள்ளாட்சிகளுக்கு இருந்த பிடியைத் தளர்த்தியது. அந்தத் தளர்வு 1986-இன் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின் சராசரி மாதக் கட்டணம் நுகர்வோர் விலைக் குறியீட்டைப் போல ஏறத்தாழ 3 மடங்கு வேகத்தில் ஏறியது என்று அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸே 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகப்பில் எழுதிவைத்தது. அந்தச் சட்டத்தை அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் தடுத்தார், காங்கிரஸ் அவரை மீறி நிறைவேற்றியது. அவர் பயன்படுத்திய தடையுரிமைகளில் முறியடிக்கப்பட்டது இது ஒன்றுதான். கேபிள் பில்லின் மீது மக்களுக்கு இருந்த எரிச்சலை அளக்க வேறு கருவி வேண்டியதில்லை.

பிறகு நடந்ததுதான் விலைக் கட்டுப்பாட்டை நம்புகிற என்னைப் போன்றவர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய பகுதி. தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 1993-இல் கட்டணத்தை 10 விழுக்காடு வரையிலும், 1994-இல் மொத்தம் 17 விழுக்காடு வரையிலும் குறைக்க வழிசெய்தது. நிறுவனங்கள் சேனல்களை ஒரு பேக்கேஜிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றின, சிலவற்றை விலைக்கட்டுப்பாடு தொடாத தனிச்சேனல் தொகுப்புகளில் போட்டன, பாக்ஸ் வாடகையைப் பிரித்துக் காட்டின. முதல் குறைப்பு வந்தபோது கணிசமான வீடுகளில் பில் இறங்குவதற்குப் பதிலாக ஏறியே போயிற்று. 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், அடிப்படைத் தொகுப்புக்கு மேலுள்ள பேக்கேஜ்களின் விலைக் கட்டுப்பாட்டை 1999 மார்ச் 31-உடன் முடித்துவைத்தது. காற்றடைத்த பையின் ஒரு பக்கத்தை அமுக்கினால் மறுபக்கம் புடைக்கும். பில்லின் ஒரு வரியை மட்டும் பிடித்த ஆணையங்களின் கதையும் இதுவே.

அதே 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத வேறு சில பிரிவுகள் இருந்தன. ஒன்று, ஓர் ஊரில் ஒரே கேபிள் நிறுவனத்துக்குத் தனியுரிமை வழங்குவதைத் தடைசெய்தது. தடை நீங்கியும் இரண்டாவது கம்பி பெரும்பாலான தெருக்களுக்கு வரவில்லை. அனுமதிக் காகிதம் குழி தோண்டாது. இன்னொரு பிரிவு, கேபிள் நிறுவனங்களின் கையில் உள்ள சேனல்களைப் போட்டியாளர்களுக்கும் விற்றாக வேண்டும் என்றது. 1994-இல் சேவை தொடங்கிய டைரக்டிவி போன்ற செயற்கைக்கோள் நிறுவனங்கள் உயிர்பிடித்ததில் அந்தப் பிரிவுக்குப் பெரும் பங்குண்டு. விலையை நேரடியாகத் தொட்ட விதிகளைவிட, போட்டியாளருக்குச் சரக்கு கிடைக்கச் செய்த இந்த விதியே அதிகம் சாதித்தது என்பது என் கருத்து. மூன்றாவதாக ஒரு பிரிவு, உள்ளூர் ஒளிபரப்பு நிலையங்களுக்குத் தங்கள் அலைவரிசையை மறுஒளிபரப்பக் கட்டணம் கேட்கும் உரிமையைத் தந்தது. பின்னாளில் அது பில்லில் தனியாக ஒரு வரியாகவே வந்து உட்கார்ந்தது.

போட்டி இருக்கிறதா இல்லையா என்பதை முடிவுசெய்ய அந்தச் சட்டம் வைத்த அளவுகோல்களில் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு நிறுவனங்கள் ஒரு பகுதியின் 50 விழுக்காட்டு வீடுகளுக்காவது ஒப்பிடத்தக்க சேவையை வழங்க முன்வர வேண்டும், அவற்றில் பெரியதைத் தவிர மற்றவற்றிடம் 15 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வீடுகள் சந்தா கட்ட வேண்டும். அவ்வளவு இருந்தால் அங்கே போட்டி இருப்பதாகப் பொருள். செயற்கைக்கோள் தட்டு ஏறத்தாழ எங்கும் வைக்கத்தக்கதாகிவிட்டதால், 2015-இல் எஃப்சிசி எல்லா ஊர்களிலும் போட்டி இருப்பதாகவே முன்கூட்டிக் கொள்ளலாம் என்று விதித்துவிட்டது. தொலைக்காட்சியைப் பொறுத்தவரை இதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்த ஆண்டிலேயே கேபிள் நிறுவனங்களின் பிழைப்பு தொலைக்காட்சியை விட்டு இணையத்தின் பக்கம் சாய்ந்துவிட்டிருந்தது. கூரைமேல் இருந்த தட்டு, இணையத்தில் அந்தக் கம்பிக்கு ஈடுகொடுக்கும் போட்டியாளர் ஆகவில்லை.

இங்கேதான் போட்டி பற்றிய பேச்சு தடம் மாறுகிறது. ஓடிடி தளங்கள் வந்து கேபிளின் கொட்டத்தை அடக்கிவிட்டன என்று பெருமிதத்தோடு எழுதுகிறார்கள். படமும் தொடரும் இணையத்தில் வந்தால் கேபிள் சேனலுக்கு மவுசு குறைவது உண்மைதான். ஆனால் அந்த ஓடிடி என் வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது? அதே நிறுவனத்தின் அதே கம்பி வழியாக. சேனலுக்கு வாங்கிய பணத்தை அவர்கள் வேகத்துக்கு வாங்குகிறார்கள், வேகம் கூடிய பேக்கேஜுக்கு மாறச் சொல்கிறார்கள், சில இடங்களில் மாதத்துக்கு இவ்வளவு டேட்டா என்று வரம்பு வைக்கிறார்கள். மேடையில் நடிகர்கள் மாறினாலும் கொட்டகையின் சொந்தக்காரர் மாறவில்லை.

இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் மேற்கொண்ட முயற்சியை இந்த இடத்தில் கவனமாகப் பார்க்கலாம். 2017-இல் அறிவிக்கப்பட்டு, 2019 பிப்ரவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்த அந்தக் கட்டண ஆணை, கம்பிக்கு ஒரு விலை, சேனலுக்கு ஒரு விலை என்று பில்லை இரண்டாகப் பிரித்தது. முதல் 100 சேனல்களைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கான கட்டணம் வரி நீங்கலாக 130 ரூபாய்க்கு மேற்படக் கூடாது என்றது. அதற்கு மேல் வேண்டிய கட்டணச் சேனலை அதன் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். கம்பியின் விலையைத் தனியே எழுதிக் காட்டச் சொன்னது சிறிய காரியமன்று, அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் தொகுப்புகளுக்குக் கொடுத்த பெரும் தள்ளுபடியால் தனிச்சேனலை வாங்குவது வீண் என்ற நிலையை ஒளிபரப்பாளர்கள் உண்டாக்கினார்கள். டிராயே பின்னர் அதைச் சுட்டிக்காட்டியது. 2020-இல் 130 ரூபாய்க்குள் 200 சேனல்கள் என்றார்கள். தொகுப்பில் சேர்க்கத்தக்க சேனலின் விலை வரம்பை 19 ரூபாயிலிருந்து 12 ரூபாய்க்கு இறக்கினார்கள், வழக்குகள் நடந்தன, 2022 நவம்பரில் மீண்டும் 19 ரூபாய் ஆயிற்று. 2024 ஜூலையில் கம்பிக் கட்டணத்தின் உச்சவரம்பையே நீக்கி, அதைச் சந்தையின் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். 5 ஆண்டுகளில் இத்தனை திருப்பம் என்றால், சந்தாதாரர் இருக்கட்டும், மேலே ஒளிபரப்பாளர் சொல்லும் விலைக்கும் கீழே ஆணையம் போடும் வரம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சிறு கேபிள் ஆபரேட்டர் என்ன செய்வார்? அவருக்காகப் பேசுபவர்கள் குறைவு என்பதால் இதைப் போகிற போக்கில் குறித்துவைக்கிறேன்.

அப்படியானால் பிடிக்க வேண்டிய இடம் எது? கம்பியைத்தான் பிடிக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதை வைத்திருப்பவர் பிறருக்கும் நியாயமான வாடகைக்கு விட்டாக வேண்டும் என்ற விதி இருந்தால், சேனல் விலையை ஆணையம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பிரான்சில் பழைய தொலைபேசிக் கம்பியைப் போட்டியாளர்களுக்கும் திறந்துவிட்டார்கள். 2002-இல் ஃப்ரீ என்ற நிறுவனம் மாதம் 29.99 யூரோவுக்கு இணையம் தந்து மற்ற எல்லாரையும் விலையைக் குறைக்க வைத்தது. பிரிட்டனில் 2006-இல் பழைய தொலைபேசி நிறுவனமான பிடியின் கம்பிப் பணிகளை ஓப்பன்ரீச் என்ற தனிப்பிரிவாக்கி, 2018-இல் அதைச் சட்டப்படி தனி நிறுவனமாகவே பிரித்தார்கள். அது வீடுகளுக்கு நேரடியாகச் சேவை விற்பதில்லை, விற்கும் நிறுவனங்களுக்குக் கம்பியை வாடகைக்கு விடுகிறது. ஸ்டாக்ஹோம் மாநகராட்சி 1994-இலேயே ஸ்டோக்காப் என்ற நிறுவனத்தை வைத்து ஃபைபர் பதித்து, கேட்கிற எல்லாருக்கும் ஒரே நிபந்தனையில் வாடகைக்குக் கொடுத்துவருகிறது. அமெரிக்கா எதிர்த்திசையில் போயிற்று. கேபிள் வழி இணையம் தகவல் சேவையே ஆகும், தொலைபேசியைப் போன்ற பொதுத் தொலைத்தொடர்புச் சேவை அன்று என்ற எஃப்சிசியின் நிலைப்பாட்டை 2005-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட பின், அந்தக் கம்பியைப் போட்டியாளருக்குத் தர வேண்டும் என்ற கோரிக்கை அங்கே எழ முடியாமல் போயிற்று.

வாடகையை அடிமாட்டு விலைக்கு நிர்ணயித்தால் புதிய ஃபைபர் பதிக்க யாரும் முன்வரமாட்டார்கள் என்று நிறுவனங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. போட்ட முதல் திரும்பாது என்றால் யார் முதல் போடுவார்கள்? அதற்கும் ஒரு நடுவழி இருக்கிறது. செலவில் பெரும்பங்கு தோண்டும் வேலைக்கே போவதால், கம்பியைப் பகிர்வதற்கு முன் நிலத்தடிக் குழாயையும் கம்பத்தையும் பகிரச் செய்யலாம். அவரவர் கம்பி அவரவருடையது, குழி மட்டும் பொது. பிரிட்டனில் இதையும் செய்திருக்கிறார்கள். இதை எதிர்க்க நிறுவனங்களிடம் என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

முன்பு குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் கண்ட ஒரு காட்சியை இங்கே சொல்ல வேண்டும். மாடிப்படிக்கு அடியில் ஓர் இரும்புப் பெட்டி. எல்லா வீடுகளின் கம்பியும் அதில்தான் வந்து சேரும். பெட்டிக்குப் பூட்டு, சாவி ஒரே நிறுவனத்திடம். இரண்டாவது நிறுவனத்தை நான் அழைத்தபோது ஒருவர் ஏணியும் கம்பிச் சுருளுமாக வந்தார், பூட்டைப் பார்த்தார், யாருக்கோ போன் செய்தார், கால் மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டார். அந்தத் தெருவில் இரண்டு நிறுவனங்கள் இருப்பதாக எந்தப் புள்ளிவிவரமும் சரியாகவே சொல்லியிருக்கும். அமெரிக்காவில் இப்படிக் கட்டடங்களோடு கேபிள் நிறுவனங்கள் செய்துகொள்ளும் தனியுரிமை ஒப்பந்தங்களை 2007-இல் எஃப்சிசி தடைசெய்தது. கட்டட உரிமையாளருக்கு வருவாயில் பங்கு கொடுத்து அதே காரியத்தைச் சாதித்துக்கொள்ளும் சில வகை ஏற்பாடுகளையும் 2022-இல் தடைசெய்தது. எல்லா நாடுகளும் பின்பற்றத்தக்க விதிகள் இவை.

கட்டணத்தைக் காட்டும் முறையிலும் அண்மையில் சில நல்ல முன்னேற்றங்கள் வந்துள்ளன. இணையச் சேவையின் விலை, உபகரண வாடகை, வேகம், டேட்டா வரம்பு அனைத்தையும் உணவுப் பொட்டலத்தின் மேலுள்ள அட்டவணையைப் போல ஒரே சீட்டில் தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் 10 முதல் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களுக்கு நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளர் தம் சொந்த மோடத்தைப் பயன்படுத்தும்போது மோடம் வாடகை வாங்கக் கூடாது என்பதைச் சொல்லவே அங்கே 2019-இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. பிரிட்டனில் ஒப்பந்தத்தின் நடுவே பணவீக்கத்தோடு சேர்த்து விலையேற்றும் வழக்கத்தை அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையமான ஆஃப்காம் நிறுத்தியது. 2025 ஜனவரி 17-க்குப் பின் செய்யப்படும் ஒப்பந்தங்களில் ஏற்றம் எவ்வளவு என்பதைப் பவுண்டிலும் பென்னியிலும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்த விதி, அதே நாட்டில் 2024 செப்டம்பர் 12-இல் தொடங்கிய மாறும் முறைதான். புதிய நிறுவனத்திடம் சொன்னால் போதும், பழையதிடம் பேசி இணைப்பைத் துண்டிக்கும் வேலை புதிய நிறுவனத்தையே சேர்ந்தது. வாடிக்கையாளரைப் பிடித்து வைக்கும் அந்த மூன்றாவது ஆளைச் சந்திக்க வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை.

ஒழுங்குமுறை ஆணையங்களை நடத்துபவர்கள் உங்கள் ஏட்டைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை நிறுவனங்கள் உள்ளன என்ற கணக்கை ஊர் வாரியாக வெளியிடுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு முகவரிக்கும் உண்மையில் இணைப்புத் தர எத்தனை நிறுவனங்கள் ஒப்புக்கொள்கின்றன என்று வெளியிடட்டும். விளம்பரத்தில் போடும் தொகையும் பில்லின் கடைசி வரியில் வரும் தொகையும் வரியைத் தவிர வேறெதிலும் வேறுபடக் கூடாது என்று விதிக்கட்டும். தொலைக்காட்சியை விட்டவருக்கு இணையத்தின் விலையை ஏற்றிப் பழிவாங்கும் கூட்டுச் சலுகைக்கு ஒரு வரம்பு வைக்கட்டும். இவ்வளவையும் செய்துவிட்டுச் சேனலின் விலையைச் சந்தையிடம் விட்டால் எனக்கு மறுப்பில்லை.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்துபார்த்தேன். படுக்கையறையில் தூசு படிந்து கிடந்த இரண்டாவது செட்டாப் பாக்ஸை மூன்று மாதங்களுக்கு முன் நிறுவனத்தின் அலுவலகத்தில் ஒப்படைத்து, முத்திரையிட்ட ரசீதும் வாங்கி வந்தேன். மேலே நான் பென்சிலோடு உட்கார்ந்து படித்ததாகச் சொன்ன பில்லில், அந்த இரண்டாவது பாக்ஸின் வாடகையும் இருந்தது.

இப்படிக்கு,
ஒரு சந்தாதாரர்